கீழ் ஓரத்தில் பெயர் இல்லாத விளம்பரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரதவீதி ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் அச்சகம் நடத்தியவன் நான். கல்யாணப் பத்திரிகை, அல்வாப் பெட்டிக்கு லேபிள், தேர்தல் வந்தால் நோட்டீஸ். அ.தி.மு.க.வின் இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டிருந்த 1989 சட்டமன்றத் தேர்தலில், அதன் இரு அணிகளின் சின்னங்களான சேவலுக்கும் இரட்டைப் புறாவுக்கும் அவசரமாகப் பிளாக் (படம் அச்சிடும் கட்டை) செய்து வாங்கி, விடிய விடிய டிரெடில் என்னும் கால்மிதி அச்சு இயந்திரத்தை மிதித்தோம். எந்தக் கட்சிக்காரரானாலும் புரூஃப் பார்க்க எங்கள் திண்ணைக்குத்தான் வருவார். பேட்டைக்குச் சாக்கடை, மேலப்பாளையத்துக்குக் குடிநீர், பீடி சுற்றும் பெண்களுக்குக் கூலி உயர்வு என்று ஒவ்வொரு வரியும் அங்கேதான் அடித்துத் திருத்தப்படும்.

இன்று வேட்பாளரின் படம், நிறம், முழக்கம் எல்லாவற்றையும் விளம்பர நிறுவனங்களும் வியூக வகுப்பாளர்களும் முடிவு செய்கிறார்கள். சோப்புக்குச் செய்வதைத்தான் வேட்பாளருக்கும் செய்கிறார்கள். செய்யட்டும், அதுவும் ஒரு தொழில். என் மனம் ஆறாதது வேறொன்றில்.

கடந்த தேர்தலில் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு என் மனைவியின் வாட்ஸப்புக்கு ஒரு படம் வந்தது. பீடித் தொழிலை மூடிவிடுவேன் என்று வேட்பாளர் ஒருவர் பேசியதாக, கட்சி நிறத்தில், கண்ணைப் பறிக்கும் எழுத்தில். "இது மெய்தானா?" என்று கேட்டாள். பழக்கத்தில் என் கண் படத்தின் கீழ் ஓரத்துக்குப் போனது. அச்சிட்டோர் பெயரும் இல்லை, வெளியிட்டோர் பெயரும் இல்லை. அவளுக்கு என்ன பதில் சொல்ல?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 127ஏ பிரிவின்படி அந்த இரண்டு பெயர்களும் முகவரியும் இல்லாமல் ஒரு தேர்தல் துண்டுத்தாள்கூட அச்சிடக்கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளியிடுபவர் தன்னை நேரில் அறிந்த இருவரின் சாட்சிக் கையெழுத்தோடு உறுதிமொழி தரவேண்டும்; நான் அதையும் ஒரு பிரதியையும் எடுத்துக்கொண்டு கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஓடுவேன். கையால் எழுதிப் படியெடுப்பதைத் தவிர, பிரதிகளைப் பெருக்கும் எந்த முறையும் அச்சிடுவதாகவே கருதப்படும் என்கிறது அதே பிரிவு. ஒரே படம் ஆயிரம் கைப்பேசிகளுக்குப் போவது பிரதி பெருக்குவது இல்லையா?

செலவையும் பாருங்கள். நான் அடித்த நோட்டீஸின் கூலி வேட்பாளரின் கணக்கில் ஏறியது. இப்போது சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். பெயரில்லாத படத்தின் செலவை எந்த அதிகாரி யார் கணக்கில் எழுதுவார்? செய்தவர் முகவரி இல்லாமல் அல்வாப் பெட்டிகூடக் கடைக்குப் போக முடியாதே.

வாட்ஸப்பில் பரப்பும் பிரசாரப் படத்துக்கும் காணொளிக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று தேர்தல் ஆணையம் அடுத்த தேர்தல் அறிவிப்புக்கு முன்பே தெளிவாக உத்தரவிட வேண்டும். தயாரித்தவர் பெயரும் பணம் கொடுத்தவர் பெயரும் படத்திலேயே, படிக்கும்படியான எழுத்தில் இருக்க வேண்டும். அந்தப் படத்தை என் மனைவி யாருக்கும் அனுப்பவில்லை. ஆனால் எங்கள் தெருவில் அது வராத கைப்பேசி இல்லை.

இப்படிக்கு,
முன்னாள் அச்சக உரிமையாளர்,
திருநெல்வேலி டவுன்