போனவளும் நின்றவளும்

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று மாதங்களாகின்றன. பதில் எழுதாததற்கு வழக்கமான பொய் எதையும் இம்முறை சொல்லப் போவதில்லை. நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. கோட்டை மான்கள் இப்போதும் வீதிக்கு வந்து மறிக்கின்றன.  

எழுத வைத்த காரணம் வேறு. நான் படிப்பிக்கும் தாதியியல் முதலாம் ஆண்டு வகுப்பில் எல்லாப் பாடங்களிலும் முதலாவதாக வந்த பிள்ளை சென்ற வாரம் படிப்பை விட்டு விலகிவிட்டாள். உடற்கூற்றியலில் அவளை மடக்க எனக்கே இயலாது. ஆனால் மருத்துவபீடத்துக்குப் போகப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதாமற் போனதால் தாதியியலுக்கு வந்தவள் அவள். நோயாளர் விடுதியில் ஒரு முதியவரின் மலசலத் தட்டான பெட்பானை முதன்முதலாக எடுத்த அன்று அவள் முகத்தில் இருந்தது அருவருப்பன்று, தோற்றுப்போன துக்கம் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

இன்னொருத்தி மூதூர்ப் பிள்ளை. ஏன் இத்துறைக்கு வந்தாய் என்று முதல்நாள் கேட்டபோது, "சம்பளத்துக்குத்தான் மிஸ், தம்பிமார் இரண்டு பேர் படிக்கிறார்கள்" என்றாள். நான் சேவை மனப்பான்மை பற்றி அரைமணி நேரம் பேசினேன். (நீ பக்கத்தில் இருந்திருந்தால் மேசைக்கடியில் என் காலை மிதித்திருப்பாய்.) முதல் தவணையில் மருந்தியலில் சித்தியடையாத அவள், 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் என்றால் 500 மில்லிகிராமுக்கு எவ்வளவு என்பது போன்ற கணக்குகளைப் பஸ் சீட்டுகளின் பின்புறத்தில் எறும்பெழுத்தில் போட்டுப் போட்டு, இரண்டாம் தடவையில் தேறிவிட்டாள். தான் அளந்த இரத்த அழுத்தமும் நான் அளந்ததும் ஒன்றாக வந்த நாளில் விடுதியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

மனிதரை உழைக்கத் தூண்டுவது எது என்பது பற்றி உளவியலாளர்கள் டெசியும் ரயனும் 1985 இல் விரித்துரைத்த சுயநிர்ணயக் கோட்பாட்டை எத்தனை வருடமாகப் படிப்பித்து வருகிறேன்! சம்பளம் வெளியூக்கம், சேவை உள்ளூக்கம் என்று இரண்டாகப் பிரித்ததோடு நின்றுவிட்டேன். அவர்களோ, வெளியிலிருந்து வந்த நோக்கத்தையும் ஒருவர் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டால் அது ஊன்றி நிற்கும் என்றும், வெட்கத்துக்கும் குற்றவுணர்வுக்கும் அஞ்சி உழைப்பது உள்ளிருந்து வருவதுபோலத் தோன்றினாலும் சொந்தமானதன்று என்றும் நுணுக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். தம்பிமாருக்காக வந்தவளுக்கு அந்தச் சம்பளம் சொந்த நோக்கம். முதலாவதாக வந்தவளுக்குப் புள்ளிகள் யாருக்கோ கொடுத்த பதில். படிப்பை விட்டுப் போவது புள்ளியால் மட்டும் தீர்மானமாவதில்லை, அந்த இடத்தோடும் மனிதரோடும் ஒட்டுகிறோமா என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்று 1975 இலேயே கல்வியாய்வாளர் வின்சென்ட் டின்டோ எழுதினார். விலகிப் போனவள் ஒவ்வொரு மத்தியானமும் தனியாகவே சோற்றுப் பொதியை அவிழ்த்ததை நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

என்னை வதைப்பது இதுதான். தேர்வில் தவறியவர்களைத்தான் நாங்கள் அறைக்கு அழைத்துக் கதைக்கிறோம். நன்றாகப் படிக்கிற பிள்ளையிடம், "உனக்கு இது பிடித்திருக்கிறதா?" என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன். திரும்ப அழைக்க அல்ல, கேட்பதற்கு. அதற்கு முன் உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் பெட்டி கட்டி வாசல்வரை போன நீ எதற்காகத் திரும்பி வந்தாய்? கொத்துரொட்டிக்காக என்று பகிடி விடாமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி
திருக்கோணமலை