வெள்ளைக் கல்லெல்லாம் மேக்னசைட் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சேலம் பக்கத்து ஓடைக் கற்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, வெள்ளையாகக் கிடப்பதெல்லாம் சேர்வராயன் மலை அடிவார மேக்னசைட் (மக்னீசியம் கார்பனேட் கனிமம்) கரடுகளிலிருந்து உருண்டு வந்தவை என்கிறது. இது சரியல்ல. மாணவர்கள் இதை நம்பிக் கல் பொறுக்கக் கிளம்புமுன் திருத்திவிட வேண்டும்.

வெள்ளைக் கற்கள் அங்கே மூன்று வகை. வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) கண்ணாடியைக் கீறும். உடைத்த முகம் கண்ணாடிச் சில்லு போல மினுங்கும். மேக்னசைட்டின் மேற்புறம் காலிபிளவர் போல முண்டு முண்டாக இருக்கும். உடைத்தால் உள்ளே பீங்கான் மாதிரி மங்கல். அது கண்ணாடியைக் கீறாது. ஆனால் சிலிக்கா (வெங்கச்சங்கல்லின் அதே பொருள்) கலந்த துண்டு கீறிவிடும் என்பதால் மூன்று இடத்திலாவது உரசிப் பாருங்கள். மூன்றாவது சுக்கான்கல், அதாவது மண்ணில் விளையும் சுண்ணாம்புக் கட்டி. 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் உடனே பொங்கும். மேக்னசைட் அந்தக் குளிர்ந்த அமிலத்தில் சும்மா கிடக்கும். சுக்கான்கல் எந்த மலையிலிருந்தும் வந்ததல்ல, கரை மண்ணுக்குள்ளேயே விளைந்தது. வெங்கச்சங்கல்லோ ஊரெங்கும் பாறை வெடிப்புகளில் இருப்பதால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

கறுப்புக் கற்களிலும் இதே ஏமாற்று உண்டு. சேர்வராயனின் சார்னோக்கைட் என்ற கடினப் பாறை வெளியே துருப்பிடித்த பழுப்பாகத் தெரியும். சுத்தியலால் உடைத்தால்தான் எண்ணெய் பூசியது போன்ற நீலச் சாம்பல் நிறம் தெரியும் (உடைக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இருக்கவே கூடாது). கஞ்சமலை இரும்புக்கல் கையில் கனக்கும், கறுப்பு வெள்ளை வரி ஓடும், காந்தம் ஒட்டும். காந்தம் ஒட்டியும் உள்ளே குமிழி ஓட்டைகள் இருந்தால் அது உலைக் கசடு.

வந்த வழியைக் கண்டுபிடிப்பது எண்ணிக்கையில்தான் இருக்கிறது. இரண்டு ஓடைகள் கூடும் இடத்துக்குச் சற்று மேலே, இரண்டு கிளையிலும் தனித்தனியாக, ஒரு காலடிக்கு ஒரு கல் வீதம் 100 கற்கள். குனிந்து, கல்லைப் பார்க்காமல் விரலில் முதலில் படுவதை எடுக்க வேண்டும். பார்த்து எடுத்தால் கை அழகான கல்லுக்கே போகும், கணக்கு கெடும். எல்லா இடத்திலும் ஒரே அளவு, 3 முதல் 6 செ.மீ. வரை. மென்மையான கல் சீக்கிரம் தேய்ந்து சிறுத்துவிடும். அளவை மாற்றினால் வகைகளின் விகிதமும் மாறிவிடும். ஒரு வகை எந்தக் கிளையில் காணாமல் போகிறதோ அதை விட்டுவிட்டு, இருக்கும் கிளையில் மேலே ஏறுங்கள். அடுத்த கூடலில் மறுபடி 100. அந்த வகை இரண்டு கிளையிலும் அற்றுப்போனால் தாய்ப்பாறையைத் தாண்டி வந்துவிட்டீர்கள்.

பாலத்துக்கும் சாலைக்கும் அருகில் எண்ணாதீர்கள். லாரியில் வந்து கொட்டிய மேக்னசைட் கழிவும் ஜல்லியும் அங்கே கலந்திருக்கும். நாலா பக்கமும் கூர்விளிம்போடு ஒரே அளவில் கிடந்தால் அது கிரஷர் கல்தான். தை, மாசியில் போனால் நீர் வடிந்து கல்திட்டுகள் வெளியே தெரியும்.

இப்படிக்கு,
நிலவியல் ஆர்வலர்கள் சிலர்,
சேலம்.