பேர்த்தில் இருக்கும் மகனுக்கு, ஈல்ஸ் பற்றி

டூங்காபி,
பெப்ரவரி 2026

அன்பு மகனுக்கு,

நாங்கள் நல்ல சுகம். அப்பாவுக்கும் சீனி இப்போது கட்டுக்குள் இருக்கிறது. நீ கேட்டதற்கே நேராக வருகிறேன். எங்கள் சிட்னி ரக்பி லீக் அணி பரமட்டா ஈல்ஸை நம்பி இந்த வருடமும் உட்காருவதா, 2027இல் உன் ஊருக்குப் பேர்த் பெயார்ஸ் என்ற புது அணி வந்ததும் அந்தப் பக்கம் போய்விடுவதா என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது.

நம்பலாம் ராசா. ஆனால் கிண்ணத்தை அல்ல, எட்டாம் இடத்தை. முதல் எட்டு அணிகளுக்குத்தானே இறுதிச் சுற்று. 1986இல் கன்ரபரியை 4-2 என்று, ஒரு ட்ரை கூட (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் ஊன்றுவது) விழாத இறுதியில் வென்றதுதான் எங்கள் கடைசிக் கிண்ணம். அதற்குப் பிறகு 2001, 2009, 2022 என்று மூன்று இறுதிகளில் தோற்றோம். 2022இல் பென்ரித்திடம் 28-12. அந்த இறுதி முடிந்த கையோடு ரீட் மஹோனி, ஐசேயா பாப்பாலீ, மராட்டா நியுகோரே மூவரும் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். அங்கே விழுந்த ஓட்டை அடுத்த மூன்று வருடமும் அடைபடவில்லை. 2023இல் பத்தாம் இடம், 2024இல் பதினைந்து, போன வருடம் பதினொன்று. இந்த நிலையிலிருந்து ஒரே பாய்ச்சலில் கிண்ணம் என்று சொல்கிறவர்களின் பேச்சை எடுக்காதே.

எட்டாம் இடத்துக்கு என்ன வேண்டும் என்பதைக் கணக்காகவே பார். ஒரு அணிக்கு 24 மட்ச், ஒரு வெற்றிக்கு 2 புள்ளி. விளையாடாமல் இருக்கும் மூன்று ஓய்வு வாரங்களுக்கும் தலா 2 புள்ளி சும்மா கிடைக்கும், அது 6. 2024இல் 12 வெற்றியோடு, அதாவது 30 புள்ளியோடு, நியூகாசில் உள்ளே போனது. போன வருடம் அதே 30 புள்ளியோடு டொல்பின்ஸும் மான்லியும் வெளியே நின்றன. எட்டாவதாக வந்த ரூஸ்டர்ஸுக்கு 32. ஆகவே 13 வெற்றி இருந்தால் நிம்மதி, 12 என்றால் அடித்த புள்ளிக்கும் விட்ட புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டு நகம் கடிக்க வேண்டியதுதான். எங்களுக்குப் போன வருடம் 10 வெற்றி. இன்னும் மூன்று வேண்டும். இதைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த மூன்று எங்கிருந்து வரும் என்றால், முதலில் ஆட்டத்தை நடத்தும் இரு ஹாஃப்களில் ஒருவரான மிட்செல் மோசஸின் உடம்பிலிருந்து. 2024இல் பாதத்தில் எலும்பு வெடிப்பு, ஆறி வந்ததும் ஒரிஜின் (நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதும் தொடர்) மூன்றாவது மட்சில் கை பைசெப்ஸ், அத்தோடு அந்த வருடம் முடிந்தது. 2025இல் மறுபடி பாதம், பிறகு ஒரிஜின் பயிற்சி முகாமில் கெண்டைக்கால். போன வருடத்து முதல் மட்சிலேயே அவர் இல்லாமல் மெல்பேர்ன் ஸ்டோமிடம் 56-18 என்று வாங்கினோம். அவர் இருந்தால் பாஸ் நன்றாக வரும் என்பது மட்டும் இல்லை. ஆறு டக்கிள், அதாவது ஆறு தரம் விழுத்தப்பட்டால், பந்து மற்ற அணிக்குப் போய்விடும்; அதனால் ஐந்தாவது டக்கிளில் அவர் அடிக்கும் கிக்தான் பெரிய வித்தியாசம். எங்கள் பக்கத்து 40 மீற்றரில் நின்று அடித்தாலும் பந்து எதிரணியின் கடைசிப் பத்து மீற்றருக்குள் போய் விழும். அவர்கள் அங்கிருந்து ஆறு டக்கிளில் வெளியே வரவே மூச்சு வாங்கும். அவர் இல்லாத நாட்களில் அதே கிக் எதிரணியில் கடைசியாகப் பின்னால் நிற்கும் ஃபுல்பேக்கின் கைக்கு நேரே போகும், அவர் இருபது மீற்றர் ஓடி வருவார், அடுத்த செற் (ஆறு டக்கிள்) முழுக்க நாங்கள் பின்வாங்கிக்கொண்டே இருப்போம். மோசஸ் இருபது மட்ச் இறங்கினால் பதின்மூன்று வெற்றி கைக்கெட்டிய தூரம் என்பது என் எண்ணம்.

மோசஸுக்குப் பக்கத்தில் இனி மற்ற ஹாஃப் டிலன் பிரவுன் இல்லை. பத்து வருட ஒப்பந்தத்தோடு நியூகாசிலுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஸ்டோமிலிருந்து ஜோனா பெஸெட் வருகிறார். எங்கள் பயிற்சியாளர் ஜேசன் ரைல்ஸும் முன்பு ஸ்டோமில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர், பையனின் ஆட்டம் அவருக்குத் தெரியும். பந்தோடு பார்த்தால் எனக்குக் கவலை இல்லை. பெஸெட் இயல்பிலேயே ஹாஃப்பேக், ஆட்டத்தை நடத்தத் தெரிந்தவர். மோசஸை ஒரு பக்கம் அடைத்துவிட்டால் மற்றப் பக்கத்திலும் கிக் அடிக்க ஆள் இருக்கிறது. இது பிரவுன் காலத்தில் எங்களிடம் குறைவாக இருந்த ஒன்று.

ஆனால் பிரவுனின் டக்கிளை யாரும் பேசுவதில்லையே, அதுதான் எனக்கு ஆதங்கம். ஹாஃப்களில் அப்படி டக்கிள் செய்கிறவர்கள் மிகக் குறைவு. அந்த எட்ஜில் (ஓரப் பக்கத்தில்) இனி பெஸெட் நிற்பார் என்றால், எதிரணிகள் ஓரத்தில் ஓடும் தங்கள் கனமான ஆட்களான செகண்ட் ரோவர்களை அவர் மேலேயே ஓட விடுவார்கள். முதல் வாரத்திலிருந்தே விடுவார்கள்.

அது எப்படி நடக்கும் என்று எழுதுகிறேன், பார்க்கும்போது உனக்கு விளங்கும். நாங்கள் பந்தைக் கீழே போட்டு, எங்கள் கோட்டிலிருந்து 20 மீற்றரில் எதிரணிக்குக் கிடைக்கிறது என்று வை. முதல் இரண்டு டக்கிளும் நடுவில்தான். நடுவில் நிற்கும் கனமான ஆட்களான ப்ரொப்கள் முட்டுவார்கள், எங்கள் ஆட்கள் மூன்று பேர் சேர்ந்து விழுத்துவார்கள். இதில் ஒருவர் எழும்ப ஒரு விநாடி பிந்தினால் நடுவர் கையைச் சுழற்றுவார், சிக்ஸ் அகெய்ன், கணக்கு முதலிலிருந்து. மூன்றாவது டக்கிள் கொஞ்சம் ஓரமாக வரும். அது எங்கள் ஆட்களை ஒரு பக்கம் இழுப்பதற்கு. விழுந்தவர் பட்டென்று எழும்பிக் காலால் பந்தைப் பின்னுக்கு உருட்டுவார். அந்த நேரம் எங்கள் வரிசை இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும், நேராக நிற்காது. அப்போதுதான் பந்தை மற்றப் பக்கம் எடுப்பார்கள். செகண்ட் ரோவர் ஒருவர் எங்கள் ஹாஃபின் உள்தோளைக் குறிவைத்து ஓடி வருவார், அவருக்குப் பின்னால் ஃபுல்பேக் சுற்றி வருவார். ஹாஃபுக்கு வெளியே நிற்கும் எங்கள் சென்டர் இப்போது தீர்மானிக்க வேண்டும்: உள்ளே பாய்வதா, வெளியே வழுக்கிப் போவதா. ஹாஃபை நம்பினால் வெளியே போவார். நம்பாவிட்டால் உள்ளே பாய்வார், பந்து அவர் தலைக்கு மேலால் ஓரக் கடைசியில் நிற்கும் எதிரணி விங்கருக்குப் போகும், மூலையில் ட்ரை.

ரிவியில் எங்கள் விங்கர் விழுந்து கிடப்பதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். நீ அவரைப் பார்க்காதே. பந்து உருண்ட இடத்துக்கு இருபக்கமும் நின்ற முதல் இரண்டு பேரைப் பார். பிழை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கியிருக்கும்: ஒருவர் ஒவ்வொரு டக்கிளுக்கும் பின்வாங்க வேண்டிய முழு பத்து மீற்றரும் பின்னால் போகாமல் சோம்பியிருப்பார், அல்லது தோளைத் திருப்பியிருப்பார். அவர் விட்ட இடத்தை மூடப் பக்கத்தில் இருப்பவர் உள்ளே வருவார், அவரைப் பார்த்து அடுத்தவரும் வருவார், ஓரத்தில் ஒருவர் குறைந்துவிடுவார். எங்கள் ஹாஃப், செகண்ட் ரோவர், சென்டர், விங்கர் நால்வரும் ஏழெட்டு வாரம் மாறாமல் ஒன்றாக நின்றால்தான் அந்த நம்பிக்கை வரும். காயத்தால் வாரத்துக்கு ஒரு ஆள் மாறினால் ரைல்ஸ் என்ன சொல்லிக்கொடுத்தும் பயனில்லை. மார்ச் மாதத்தில் நான் ஸ்கோரைவிட இதைத்தான் பார்க்கப் போகிறேன். தோற்றாலும் இருபது புள்ளிக்குள் விட்டிருந்தால் மனதைத் தளர விடாதே. முப்பது விட்டு வென்றால் கொண்டாடாதே.

எங்கள் விங்கர் ஸக் லோமக்ஸ் ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டுப் போனது பெரிய இழப்புத்தான். உயரப் பந்தைப் பிடிப்பதற்கு மட்டும் இல்லை, எங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் முதல் டக்கிளிலேயே ஓடி, ப்ரொப்களின் சுமையைக் குறைத்தவர் அவர். இன்னொரு விங்கர் ஜொஷ் அடோ-காருக்கு வேகம் இருக்கிறது, அந்த முட்டல் வேலைக்கு அவர் ஆள் இல்லை. அதனால் மற்ற விங்கர் கனமான ஆளாக இருப்பது நல்லது. ஃபுல்பேக்கில் ஐசேயா இயோங்கி எனக்குத் திருப்தி, இரண்டாவது வருடத்தில் இன்னும் தேறுவார். டக்கிள் முடிந்ததும் பந்தை எடுத்துக் கொடுக்கும் ஹூக்கருக்கு ரைலி ஸ்மித், டாலின் டா சில்வா இருவரும் இளம் கால்கள். மஹோனி போனதிலிருந்து தேடிய இடம் அது, இப்போது அங்கே குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மே கடைசியிலிருந்து ஜூலை முற்பகுதி வரை ஒரிஜின். மோசஸை எடுத்தால் பெருமைதான், ஆனால் அந்த ஆறேழு வாரத்துக்குள் எத்தனை வெற்றி சேர்க்கிறோம் என்பதில்தான் எட்டாம் இடம் இருக்கிறது. பெஸெட் தனியே அணியை நடத்தப் போகும் வாரங்கள் அவை. அவரை எடுத்ததன் உண்மையான பலன் அப்போதுதான் தெரியும்.

இனி பெயார்ஸ். உன் ஊருக்கு அணி வருவது எனக்கும் சந்தோஷம்தான். 1997இல் வெஸ்டர்ன் ரெட்ஸ் மூடப்பட்டதிலிருந்து அங்கே ஒன்றும் இல்லை. பெயார்ஸ் என்ற பெயர் வடசிட்னி அணியினுடையது; வடசிட்னிக்காரர்களும் 1999இலிருந்து தங்கள் பெயார்ஸை முதல் தரத்தில் பார்க்கவில்லை. அந்தச் சிவப்பும் கறுப்பும் திரும்பி வருவது நியாயம். மால் மெனிங்காவைப் பயிற்சியாளராகப் போட்டிருக்கிறார்கள். போய்ப் பார், குரல் கொடு. ஆனால் ஒன்றை யோசி. ஒப்பந்தத்தின் கடைசி வருடத்துக்குள் நுழையும் வீரரோடு மற்ற அணிகள் முந்தின நவம்பர் 1இலிருந்தே பேசலாம். பெயார்ஸ் தங்கள் முப்பது பேரையும் மற்ற அணிகளிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்க வேண்டும், 2028இல் பப்புவா நியூ கினி அணியும் வருகிறது. அதற்கு நடுவில் பெஸெட் எங்களுக்கு இந்த ஒரு வருடம்தான், 2027இல் பிரிஸ்பேன் போகிறார். அவர் நிற்கும் இடத்துக்கு, அடுத்த ஃபைவ் எய்த்தை (மோசஸுக்குப் பக்கத்து ஹாஃப்) இந்த வருடத்துக்குள்ளேயே எங்கள் இளைஞர் அணியிலிருந்து தயார்படுத்த வேண்டும், சந்தையில் தேடினால் விலை எட்டாது. எட்டாம் இடத்துக்கு வரும் அணிக்குத்தான் வீரர்கள் தங்குவார்கள். அதற்காகவும்தான் அந்தப் பதின்மூன்று வெற்றி எனக்கு வேண்டும்.

உன் நேரத்தையும் குறித்துக்கொள். ஏப்ரல் 5 வரை நாங்கள் உன்னைவிட மூன்று மணித்தியாலம் முன்னால், அதன் பிறகு இரண்டு. வியாழன் இரவு 7.50 மட்ச் என்றால் மார்ச்சில் உனக்குப் பின்னேரம் 4.50, வேலையில் இருப்பாய். ஸ்கோரைப் பார்க்காமல் வீட்டுக்குப் போய் இணையத்தில் மட்ச் காட்டும் கேயோவில் முதலிலிருந்து போடு. ஞாயிறு 4.05 மட்ச் ஏப்ரலுக்குப் பிறகு உனக்கு 2.05, அதை நேரடியாகவே பார்க்கலாம்.

ஈஸ்டருக்கு வருவதென்றால் திங்கள் இரவுக்கு முன் திரும்பும் விமானம் எடுக்காதே. ஈஸ்டர் திங்கள் வெஸ்ட்ஸ் டைகர்ஸோடு விளையாடுவது பல வருட வழக்கம், வழமையாக நாலு மணிக்குத் தொடங்கும். பரமட்டா மைதானத்தில் எந்தப் பின்னேர மட்சுக்கு ரிக்கற் எடுத்தாலும் மேற்குப் பக்க மேடையில் எடு. கிழக்கில் இருந்தால் முதல் பாதி முழுக்க வெயில் கண்ணில் குத்தும், எட்ஜில் யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியாது. கோட்டுக்குப் பக்கத்து ஆசனமும் வேண்டாம். இருபதாம் வரிசைக்கு மேலே இருந்தால்தான் வரிசை பின்வாங்குவதும் ஓரத்தில் ஆள் குறைவதும் தெரியும். வெஸ்ட்மீடில் லைட் ரெயில் ஏறி பிரின்ஸ் அல்பிரட் ஸ்குவெயாரில் இறங்கினால் நடக்கிற தூரம்தான், கார் கொண்டுபோய் அலையத் தேவையில்லை. எத்தனை பேருக்கு எடுப்பது என்பதை மட்டும் இந்தக் கிழமைக்குள் சொல்.

அன்புடன்,
அம்மா