ஞாயிறு கிட் கார் எஞ்சின் ஏற்றம்: பதில் தேவை

வணக்கம் நண்பர்களே,

நாம் பாகங்களை வாங்கி நாமே பூட்டும் கிட் காரான லோட்டஸ் செவன் நகலின் பாடியை முழுக்கக் கழற்றியாச்சு. 14-ம் தேதி ஞாயிறு காலை 8 மணிக்கு பெங்களூரு பீன்யா ஷெட்டில் எஞ்சினை இறக்கி உட்கார வைக்கிறோம். 1957-ல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் கொண்டுவந்த அந்தக் காருக்கு எடைக் குறைவுதான் உயிர். அதனால் தேவையில்லாத ஒரு கிலோகூட ஏற்ற வேண்டாம்.

1. கார்புரேட்டர் எஞ்சின் போய், மாருதி ஜிப்சியின் 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் பீய்ச்சும் வகை) எஞ்சின் வருகிறது. இதற்கு பெட்ரோல் அழுத்தம் பல மடங்கு அதிகம். பழைய ரப்பர் ஹோஸ் தாங்காது, எத்தனால் கலந்த பெட்ரோலும் அதைக் கெடுக்கும். கசிந்தால் தீப்பிடிக்கும். பம்ப், ஹோஸ், கிளிப் எல்லாமே புதுசு வேண்டும். சனிக்கிழமை உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடு போய் வாங்கிவர இரண்டு பேர் சொல்லுங்கள்.

2. சட்டகத்தின் வெல்டிங் இணைப்புகளைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். போன வாரம் பின் ஆக்சில் பிராக்கெட்டில் ஒரு விரிசல் கண்டேன். மேலே பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பெயின்டை நம்பாதீர்கள்.

3. ஷூ, கையுறை கட்டாயம். குழந்தைகள் வேண்டாம், செயின் பிளாக்கில் (சங்கிலிக் கப்பி) எஞ்சினைத் தூக்கும் வேலை நடக்கும்.

4. எஞ்சின் மாற்ற ஆர்டிஓ ஒப்புதல் வேண்டும் (மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52). ஆர்.சி. நகலும் எஞ்சின் பில்லும் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். ஒப்புதல் வராமல் வண்டி ரோட்டில் இறங்காது.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பதில் போடுங்கள். மதியச் சாப்பாடு சொல்ல வேண்டும்.