மைக் ஸ்டாண்ட் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது

ஆங் மோ கியோ
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வா,

உனக்கு எழுதிப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. முதுகுவலி, பேத்தி பிறந்தது, வேலை என்று மூன்று சாக்கு தயாராக வைத்திருந்தேன். மூன்றும் பொய்யில்லை. ஆனால் எழுதாததற்கு அவை காரணமும் இல்லை. உன் மகளின் பட்டமளிப்புப் படம் வந்தது. உன் மூக்கு அவளுக்கு வராமல் போனது கடவுள் புண்ணியம். சுமதி நலம். நீ பாக்கி வைத்துவிட்டுப் போன மீன்தலைக் கறி இன்னும் அவள் கணக்கில் இருக்கிறதாம். பேத்தி என் பாட்டைக் கேட்டால் அழுகிறாள், நிறுத்தினாலும் அழுகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் நம்ம பாட்டுக் குழுவிலிருந்து விலகிவிட்டேன்.

கத்தாதே. பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே மணிதான் என்பதால் நள்ளிரவில் கூப்பிட்டுத் திட்டலாம் என்று நினைக்காதே, போனை அணைத்துவிட்டுத்தான் படுப்பேன். சண்டை எதுவும் இல்லை. தீபாவளி நிகழ்ச்சிக்கு மாஸ்டர் பட்டியல் போட்டார். அதே 22 பாட்டு, அதே வரிசை. என் சொந்தப் பாட்டு ஒன்றை நடுவில் சேர்க்கலாமா என்று கேட்டேன். "தம்பி, சனங்க தெரிஞ்ச பாட்டுக்குத்தான் கை தட்டுவாங்க" என்றார். எனக்கு 59 வயது, அவருக்கு இன்னும் தம்பி. அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் என் பிரச்சினை. தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு அங்கேயே இருந்திருப்பேன். மறுவாரம் ஒத்திகை முடிந்து கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, இந்த நிகழ்ச்சிக்கு நான் வரவில்லை, இனிமேலும் வரவில்லை என்று சொன்னேன். மாஸ்டர் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். டிரம்ஸ் அடிக்கிற சோமுதான், "அண்ணே, வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டான். 36 வருடம் பாடிய குழு, பிரிய எடுத்துக்கொண்ட நேரம் ஒரு கோப்பி.

இப்போது நீ சிரிக்கப்போகிற இடம். இந்த இரண்டு மாதமாக, இங்கிலாந்துப் பாடகர் பீட்டர் கேப்ரியலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

தேசிய சேவை முகாமில் இருந்தபோது நீ கொடுத்தாயே ஒரு கேசட், உறையில் பெயரையே தப்பாக அச்சடித்திருந்தது. 1987 காப்புரிமைச் சட்டத்துக்கு முந்தைய சிங்கப்பூரில் அப்படித்தானே கிடைத்தது. நீ ஜெனிசிஸ் கட்சி, அவர் முதலில் பாடிய ராக் குழு. "நரித்தலையை மாட்டிக்கிட்டுப் பொண்டாட்டி கவுனைப் போட்டுக்கிட்டு மேடைக்கு வந்த ஆளு, அப்புறம் தனியா போய்க் கெட்டுப்போயிட்டான்" என்பது உன் தீர்ப்பு. (1972இல் குழுவினரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அப்படி வந்து நின்றாராம். நம்ம சேலை விஷயத்தை இங்கே நினைவுபடுத்தாதே.) நான் அப்போது உன்னை எதிர்த்துப் பேசவில்லை, எனக்கு அவ்வளவு தெரியாது. இப்போது வரிசையாகக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்: தீர்ப்பை மாற்று.

அந்த மனிதர் விலகிய விதத்தைப் பார். 1974 கடைசியில், புதிய இரட்டை ஆல்பத்தோடு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் ஆரம்பித்த சில நாட்களிலேயே, கிளீவ்லாந்தில் வைத்து, போகிறேன் என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டார். அந்த வருடம்தான் முதல் குழந்தை, பிறந்ததும் உயிருக்குப் போராடி மீண்ட குழந்தை. ஆனாலும் 1975 மே மாதம் வரை ஒவ்வோர் இரவும் மேடையேறிப் பாடி முடித்தார். வெளியே தெரிந்தது ஆகஸ்டில்தான். சுமதியிடம் இதைச் சொன்னேன். "அவரு பயணத்தை முடிச்சுட்டுப் போனாரு, நீங்க தீபாவளிக்கு முன்னாடியே ஓடி வந்துட்டீங்க" என்றாள். அதற்குமேல் அன்று இசையைப் பற்றிப் பேச்சில்லை.

அப்புறம் இரண்டு வருடம் கழித்து முதல் தனி ஆல்பம். அதில்தான் அந்தக் குன்றுப் பாட்டு. பாத் நகரத்துப் பக்கம் உண்மையிலேயே இருக்கிற ஒரு சின்னக் குன்று. அதன் மேல் ஏறி நின்று, இருப்பதை விட்டுவிட்டுப் போகலாம் என்று முடிவெடுக்கிற பாட்டு. நூறு தடவை கேட்டும் அதில் ஏதோ இடறுகிறதே என்று சோமுவிடம் முன்பு ஒரு தடவை போட்டுக் காட்டியிருக்கிறேன். அவன் தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏழுண்ணே. நம்ம மிஸ்ர சாப்பு கணக்கு" என்றான். ஏழு எண்ணிக்கையை ஊரே முணுமுணுக்கும்படி பாட ஒரு தைரியம் வேண்டும். எட்டாவது அடி வரும் என்று கால் காத்திருக்கும், வராது, அதற்குள் அடுத்த சுற்று ஆரம்பித்துவிடும். குழுவை விட்ட மறுநாள் காலையும் அப்படித்தான் இருக்கிறது.

முதல் நான்கு ஆல்பத்துக்கும் பெயரே கிடையாது, தெரியுமா? இங்கிலாந்துப் பதிப்பில் நான்கிலும் "பீட்டர் கேப்ரியல்" என்று மட்டும். ஒரு பத்திரிகை மாதிரி, இதழ் மாறும், பெயர் மாறாது. இரண்டாவது எனக்கு ஒட்டவே இல்லை, கிட்டார் மேதை ராபர்ட் ஃபிரிப் தயாரித்தும்கூட. மூன்றாவது, 1980இல் வந்தது, அதற்காக நான் சொத்து எழுதித் தருவேன். டிரம்மர்களிடம் சிம்பல் என்கிற பித்தளைத் தட்டைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். வாசிக்கிற ஆளுக்குக் கை அங்கேதான் போகும், போனால் அடிக்க ஒன்றும் இருக்காது. அப்போதுதான் அந்தச் சத்தம் பிறந்தது. அடி விழும், பெரிய கூடத்தில் விழுந்த மாதிரி விரியும், எதிரொலி அடங்குவதற்குள் கத்தரித்தாற்போல் நின்றுவிடும். எண்பதுகள் முழுக்க, நம்ம ஊர்க் கல்யாண மேடை வரைக்கும், எல்லோரும் நகல் எடுத்த சத்தம். அதை அங்கே உட்கார்ந்து அடித்தது யார்? ஃபில் காலின்ஸ். இவர் விட்டு வந்த குழுவின் டிரம்மர், இவர் இடத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தவர். மறுவருடம் அதே சத்தத்தைத் தன் முதல் தனிப் பாட்டில் போட்டு உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவரும் அவர்தான். பகையே இல்லாமல் இதெல்லாம் எப்படி நடந்தது? நான் போய் ஆறு வாரமாகிறது, சோமு ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

அந்த ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட அட்லாண்டிக் கம்பெனி மறுத்துவிட்டது. வேறு கம்பெனி எடுத்து வெளியிட்டது. இங்கிலாந்தில் முதலிடம். அதன் கடைசிப் பாட்டு ஸ்டீவ் பிகோவைப் பற்றியது, 1977இல் தென்னாப்பிரிக்கப் போலீஸ் காவலில் செத்துப்போனவர். அந்தப் பாட்டை நான் இரவில் கேட்பதில்லை. இன்னொன்று, முழு ஆல்பத்தையும் ஜெர்மன் மொழியில் மறுபடி பாடிப் பதிந்திருக்கிறார்! என்னுடைய ஒன்பது பாட்டில் நான்கை மலாயிலும் பாடலாமா என்று யோசனை வந்திருக்கிறது. என் மலாய் எப்படி என்று உனக்குத் தெரியும். தெம்பனிஸ் கல்யாணத்தில் என்ன ஆனது என்று எழுதத் தேவையில்லை.

இதுவரை எழுதியதெல்லாம் பீடிகை, செல்வா. இரண்டு பக்கம் வந்துவிட்டேன், இன்னும் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

என் பாட்டு எடுபடாமல் போகுமோ என்ற பயம் எனக்கு இல்லை. எடுபடாது. மத்திய சேமநிதியைத் தொட மாட்டேன் என்று சுமதிக்குச் சத்தியம் செய்துகொடுத்து, கையில் இருக்கிற கொஞ்ச வெள்ளியில் ஒன்பது பாட்டுப் பதிந்து இணையத்தில் போட்டால், நாற்பது பேர் கேட்பார்கள், அதில் பன்னிரண்டு பேர் சொந்தக்காரர்கள். அது பரவாயில்லை. என் பயம் வேறு. நான் இல்லாமல் குழு நன்றாக இருந்துவிடுமோ?

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. கேப்ரியல் போனபின் ஜெனிசிஸ் என்ன செய்தது? பாடகர் தேடி ஆள்மேல் ஆளாகப் பாடவைத்துப் பார்த்தது, யாரும் சரிப்படவில்லை, கடைசியில் டிரம்மருக்கே மைக்கைக் கொடுத்தது. 1976இல் வந்த அந்த ஆல்பம், இவர் இருந்து பாடிய கடைசி ஆல்பத்தைவிடப் பட்டியலில் மேலே போனது. அதற்கப்புறம் அரங்கம் அரங்கமாக நிரப்பினார்கள். இவர் இங்கே பெயரில்லாத ஆல்பங்கள் போட்டுக்கொண்டிருந்தார்.

நம்ம குழுவிலும் இப்போது பாடுவது யார் தெரியுமா? சோமு. டிரம்ஸில் அவன் மகன். காணொளி ஒன்று வந்தது, சமூக மன்றத்தில் எடுத்தது. மூன்று தடவை பார்த்தேன். நல்லாப் பாடுகிறான், செல்வா. நான் மூச்சு வாங்குகிற இடத்தில் அவன் வாங்கவில்லை. இவ்வளவு நாள் பின்னால் உட்கார்ந்து என் தப்புகளையெல்லாம் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறான், திருட்டுப்பயல்.

அந்த இரவு தூங்கவில்லை. எழுந்து கீழே புளோக் பெஞ்சில் உட்கார்ந்து நான்காவது ஆல்பத்தைக் கேட்டேன். நல்லவேளை, 1982 ஞாபகம் வந்தது. அந்த வருடம்தான் உலக இசைக்கென்று வோமாட் விழாவை ஆரம்பித்தார்கள், இவரும் அதில் முன்னால் நின்றார். முதல் விழா பெரிய நஷ்டம், கடன்காரர்கள் இவரைத்தான் துரத்தினார்கள். அப்போது வந்து நின்றது யார்? ஜெனிசிஸ்தான். அக்டோபர் 2, மில்டன் கீன்ஸ் மைதானத்தில், கொட்டுகிற மழையில், கடனடைக்க ஒரே ஒரு இரவு சேர்ந்து வாசித்தார்கள். இவரைச் சவப்பெட்டியில் வைத்து மேடைக்குத் தூக்கி வந்தார்களாம்! மாஸ்டருக்கு இதைச் சொன்னால் பெட்டிக்கு ஏற்பாடு செய்துவிடுவார், திறக்க மாட்டார்.

அந்த வோமாட்தான் அப்புறம் நம்ம ஃபோர்ட் கேனிங் பூங்காவுக்கே வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் புல்லில் சேறாகி உட்கார்ந்திருந்தோமே, உன் செருப்பு ஒன்று போயிற்றே. அந்தக் கடன் அடைபடாமல் போயிருந்தால் அந்தச் சேறும் இல்லை. 1989இல் இவர் போட்ட திரையிசை ஆல்பத்தில் நுஸ்ரத் ஃபதே அலி கான் பாடுகிறார், யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நம்ம எல். சங்கர் இரட்டை வயலின் வாசிக்கிறார். குழுவிலேயே இருந்திருந்தால் இதெல்லாம் எங்கே நடந்திருக்கும்? சங்கர் வில் போடுகிற இடத்தில் சுமதிகூடச் சமையலை நிறுத்திவிட்டு, "இது நம்மாளா?" என்றாள்.

அவருக்கு உலகப் புகழ் 1986இல்தான் வந்தது, விலகிப் பதினோரு வருடம் கழித்து. அந்த வருட ஆல்பத்துக்கும் பெயர் வைக்கச் சொல்லிக் கம்பெனி கெஞ்சியபிறகு இரண்டே எழுத்தில் வைத்தார். அதிலிருந்து வந்த பாட்டு அமெரிக்காவில் முதலிடம் போனபோது, அந்த இடத்திலிருந்து இறக்கப்பட்டது எந்தப் பாட்டு? ஜெனிசிஸ் பாட்டு. கதையாக எழுதினால் மாஸ்டர் நம்ப மாட்டார். ஆனால் எனக்குப் பதினோரு வருடம் கழித்து 70. சொந்தப் புதுப் பாட்டுகளோடு ஓர் ஆல்பத்தை இவர் 73 வயதில், அப்படி முன்பு போட்டதற்கு 21 வருடம் கழித்து, 2023இல் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒவ்வொரு பாட்டாக வெளியிட்டார் என்பதையும் நீ சொல்லப்போகிறாய். சொல்லாதே. அவருக்குச் சொந்த ஸ்டூடியோ இருக்கிறது, எனக்கு மணிக்கணக்கில் வாடகை.

நேற்று ஒன்று நடந்தது. ஆறு வாரத்துக்குப் பிறகு மாஸ்டரிடமிருந்து செய்தி. "மைக் ஸ்டாண்ட் உன்கிட்ட இருக்கு. சனிக்கிழமை ஏழு மணி. கொண்டு வா." அவ்வளவுதான். ஸ்டாண்டைக் கேட்கிறாரா, என்னைக் கேட்கிறாரா? ஐந்து மணிக்கே போய் வைத்துவிட்டு வந்துவிடவா, ஏழு மணிக்குப் போய் உட்காரவா? 2022 மார்ச்சில் லண்டனில் ஜெனிசிஸ் கடைசியாக மேடையேறியபோது, காலின்ஸ் உடம்பு முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார், டிரம்ஸில் அவர் மகன், கேப்ரியல் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார். மேடை ஏறவில்லை. அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் எனக்குத் தெரியாது. கைத்தட்ட வேண்டுமே. எந்த இடத்தில் தட்டுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நான் எப்போதும் கைத்தட்டல் வாங்குகிற பக்கம் நின்றவன்.

போவேன் என்றுதான் நினைக்கிறேன். பின்வரிசை.

கடைசியாக, காரியம். டோனி லெவின், 1977இல் வந்த கேப்ரியலின் முதல் ஆல்பத்திலும் பேஸ் கிட்டார் வாசித்தார், 2023 ஆல்பத்திலும் அவர்தான். குழு போயிற்று, முடி போயிற்று, பேஸ்காரர் மட்டும் போகவில்லை. எனக்கும் மூன்று பாட்டுக்குப் பேஸ் வேண்டும். சம்பளம் கிடையாது, மீன்தலைக் கறிக் கணக்கைச் சுமதி தள்ளுபடி செய்வாளாம். பாட்டைப் போனில் பாடி அனுப்புகிறேன், வீட்டிலேயே பதிந்து அனுப்பு. மூன்றில் ஒன்று ஏழு எண்ணிக்கை, எண்ணிக்கொண்டே வாசி. வாசிக்கும் முன் கம்பியை மாற்று, நீ இங்கிருந்து கிளம்பும்போதே அது துருப்பிடித்துத்தான் இருந்தது.

உன்,
பாலா

பி.கு. சனிக்கிழமை ராத்திரி கூப்பிடாதே. ஞாயிற்றுக்கிழமை காலை, பத்துக்கு மேல்.