"பரவால்ல தாயி"ன்னா வலி இல்லன்னு அர்த்தம் இல்ல

நீலகிரி ஆஸ்பத்திரிகள்ல வார்டு பாக்குற சிஸ்டர்களுக்கு வணக்கம். சண்டை போட எழுதல, குடிக்கக்கூட நேரமில்லாம நீங்க ஊத்தி வச்ச டீ ஏடு கட்டி ஆறிக் கெடந்தத நானே பாத்தேன்.

போன மழைக்கு எங்கம்மா எஸ்டேட்ல வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆச்சு. அன்னிக்கு ராத்திரி ஒரு சிஸ்டர் கால்மாட்டுல நின்னபடியே "வலி இருக்காம்மா?"ன்னாங்க, அம்மா "பரவால்ல தாயி"ன்னுச்சு, சார்ட்ல அதுவே ஏறிடுச்சு. அவங்க அந்தப்பக்கம் போனதும் கம்பளி முனைய வாயில திணிச்சு கடிச்சுக்கிட்டு கெடக்குது. ஓடிப்போய் சொன்னா பிபி நார்மல், பல்ஸ் நார்மல், இப்பதான தூங்குனாங்கன்னு பதில். பக்கத்து பெட் அக்கா வலி தாங்காம கத்துனாங்க, அவங்களுக்கு ஓவர் ஆக்டிங்னு பேரு. கத்துனா நடிப்பு, கத்தலன்னா வலி இல்ல, அப்ப என்னதான் பண்றது?

வலி இருக்கும்போதே பிபியும் பல்ஸும் நார்மலுக்கு வந்துரும், வலியோடயே ஆளு அசந்து தூங்கவும் தூங்கும், இது உங்களுக்குத் தெரியாததா. நோயாளி எத வலின்னு சொல்றாங்களோ அதான் வலின்னு மார்கோ மெக்காஃப்ரிங்கிற அமெரிக்க நர்ஸ் 1968லயே சொல்லிட்டாங்க. ஆனா எங்க தோட்டத்து ஆளுங்க வாயத் தொறந்து சொல்லவே மாட்டாங்களே, அதான் சிக்கல்.

வலிக்குப் போடுற ஊசி பழகிடும்னு ஒரு பயம் வேற. ஆபரேஷன் வலிக்கு டாக்டர் எழுதுன அளவுல சில நாள் குடுத்தா அடிமையாகுறது ரொம்ப அபூர்வம், வலிக்கு பயந்து இருமாம அசையாம கெடந்தாதான் நெஞ்சுல சளி கட்டுறதும் கால்ல ரத்தம் உறையுறதும்.

மூணாம் நாள் வேற ஒரு சிஸ்டர் ஸ்டூல இழுத்துப்போட்டு உக்காந்தாங்க. பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள சொல்லச் சொன்னாங்க, அம்மா முழிச்சுது. "சரி, காலி சாக்குன்னா பூஜ்யம், கொழுந்து ரொம்பி தூக்கவே முடியலன்னா பத்து, இப்ப எவ்ளோ கனக்குது?" அம்மா யோசிக்கவே இல்ல, "சும்மா கெடந்தா நாலு, கால அசைச்சா ஒம்போது." ரெண்டயும் எழுதி டாக்டருக்கு போன் போட்டாங்க, மருந்து குடுத்து அரை மணி நேரத்துல திரும்ப வந்து மறுபடி கேட்டாங்க பாருங்க, அதத்தான் எல்லாரும் செய்யுங்கன்னு கேக்குறேன்.

அன்னிக்கு சாயங்காலம் அம்மா வாக்கர புடிச்சு ஜன்னல் வரைக்கும் போச்சு.