திருவிழாவுக்கு முன் கழிவறைத் தொட்டியைத் திறக்கப்போகும் நிர்வாகிகளுக்கு

தமிழ்நாட்டுக் கோயில் அறங்காவலர்கள், பங்குப் பேரவையினர், ஜமாஅத் நிர்வாகிகள் அனைவருக்கும் வணக்கம்.

கொடியேற்றத்துக்கோ சந்தனக்கூட்டுக்கோ நாள் குறித்ததும் கமிட்டி கூடுகிறது. பந்தல், மைக் செட், வாணவேடிக்கை, அன்னதானம் எல்லாவற்றுக்கும் தொகை ஒதுக்குகிறது. செப்டிக் டேங்க் அந்தக் கணக்கில் வருவதில்லை. கூட்டம் சேர்ந்து, தொட்டி பொங்கி, வளாகம் நாறிய பிறகுதான் அதன் நினைவு வருகிறது. அந்த நேரத்தில் கழிவு உறிஞ்சும் லாரி கிடைக்காது. "ஆளைக் கூப்பிட்டு இறக்கிடலாம்" என்று ஒருவர் சொல்வார். அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பது கூடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் அது அருந்ததியர் தெரு.

அந்தப் பேச்சுக்கே இடம் வராதபடி செய்வது உங்கள் கையில் இருக்கிறது. செய்ய வேண்டியவற்றை எழுதுகிறோம்.

முதலில் தொட்டியை அளந்து வையுங்கள். நீளம், அகலம், நீர் நிற்கும் ஆழம் மூன்றையும் அடியில் எடுத்துப் பெருக்கினால் கன அடி வரும். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். 10 அடி நீளம், 5 அடி அகலம், 5 அடி ஆழம் என்றால் ஏறத்தாழ 7,000 லிட்டர். 5,000 லிட்டர் லாரி என்றால் இரண்டு நடை வேண்டும். பல இடங்களில் ஒரே நடைக்குத்தான் பேசுகிறார்கள். லாரி மேல்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும், அடியில் இறுகிய கசடு அப்படியே கிடக்கும். அதை வழித்தெடுக்கத்தான் மனிதரைத் தேடுகிறார்கள். ஒரு நடைக் காசை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் இந்த ஆபத்து தொடங்குகிறது. கசடு இறுகியிருந்தால் குழாய் வழியே தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கி, மறுபடி உறிஞ்சலாம். அதற்கு யாரும் இறங்க வேண்டியதில்லை. இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் எடுத்தால் கசடு அவ்வளவு இறுகாது.

ஆளை இறக்குவதற்கு அடுத்த காரணம், குழாய் அடைத்துக்கொள்வது. நாப்கின், டயாப்பர், துணி, பிளாஸ்டிக் பை இவைதான் உறிஞ்சுகுழாயை அடைக்கின்றன. அடைத்ததும் "உள்ளே போய் எடுத்துவிடு" என்கிறார்கள். பெண்கள் கழிவறை ஒவ்வொன்றிலும் மூடி போட்ட குப்பைக்கூடை வையுங்கள். திருவிழா நாட்களில் அதைத் தினமும் இருமுறை காலி செய்ய ஆள் போடுங்கள். அன்னதானக் கூடத்து எண்ணெய்க் கழிவையும் இந்தத் தொட்டிக்குள் விடாதீர்கள். அது மேலே ஏடாகப் படிந்து இறுகும். சமையல் கூடத்துக்கு எண்ணெயைத் தடுத்துப் பிரிக்கும் தனித் தொட்டி (எண்ணெய்ப் பொறி) கட்டிக்கொள்ளுங்கள்.

தொட்டிக்குள் இருப்பதை நாற்றம் என்று மட்டும் நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அங்கே உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) தாண்டினால் மூக்கு மரத்து, அந்த நாற்றமே தெரியாமல் போகும். "இப்போ வாசனை இல்லை, இறங்கலாம்" என்று சொல்லும் நேரம்தான் மிகக் கொடிய நேரமாக இருக்கக்கூடும். 500 பிபிஎம்முக்கு மேல் சில நிமிடங்களில் ஆள் சாய்ந்துவிடுவார். கசடைக் கிளறும்போது அதில் அடைபட்டிருந்த வாயு ஒரே மூச்சில் வெளியேறும். துணி முகமூடியோ தூசு மாஸ்க்கோ வாயுவை வடிகட்டாது. மெழுகுவர்த்தி கொளுத்திப் பார்ப்பதை அடியோடு விடுங்கள். மீத்தேன் இருந்தால் வெடிக்கும், நச்சுவாயு இருந்தாலும் சுடர் காட்டிக் கொடுக்காது. மூடி திறந்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் பீடியும் கூடாது, கற்பூரமும் கூடாது.

புதிதாகக் கட்டிய தொட்டி பாதுகாப்பானது என்ற எண்ணமும் ஆளைக் கொல்கிறது. கழிவே சேராத தொட்டியில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கியவர்கள் மூச்சுத்திணறி இறந்திருக்கிறார்கள். மூடிக்கிடக்கும் தொட்டியில் மழைநீர் தேங்கி, ஈரப் பலகை மக்கும்போது ஆக்ஸிஜனைத் தின்றுவிடுகிறது. காற்றில் 20.9 விழுக்காடு இருக்க வேண்டியது 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து. மண்டபம் கட்டும் கமிட்டிகள் மேஸ்திரியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக் கூடாது. ஒரே தொட்டியில் இருவர், மூவர் சாவது இப்படித்தான். 101-க்கும் 108-க்கும் உடனே அழையுங்கள். மூச்சுக்கருவி அணிந்த தீயணைப்பு வீரர் மட்டுமே இறங்கலாம். அவர்கள் வரும்வரை ப்ளோயர் இருந்தால் வெளியிலிருந்து காற்றை உள்ளே செலுத்துங்கள்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. மலம் அள்ளும் வேலைக்கு ஆள் அமர்த்துவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, தொட்டியை ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. "காண்ட்ராக்டர்தான் கூட்டிவந்தார்" என்ற பதில் அங்கே நிற்காது. முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை. ஜாமீனில் விடக்கூடிய குற்றமும் அல்ல. சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. லாரிக்கு 14420 என்ற எண்ணில் கேளுங்கள். உரிமம் உள்ள வண்டிதானா என்று பார்த்து, கழிவை எங்கே கொட்டுவார்கள் என்பதையும் விசாரியுங்கள். ஏரியில் கொட்டினால் அந்தப் பாவத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

லாரியோடு வருபவர்களை எப்படி நடத்துகிறீர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வேலை முடிந்ததும் பின்வாசலில் பொட்டலம் நீட்டாதீர்கள். கைகால் கழுவச் சோப்பும் தண்ணீரும் கொடுத்து, எல்லோரும் உட்காரும் பந்தியிலேயே இலை போடுங்கள். பேசிய கூலியை அன்றே கையில் கொடுங்கள். பழைய வேட்டி கூலியாகாது. அப்பர் உழவாரம் ஏந்தித் திருமுற்றம் செதுக்கியதைக் கோயில்கள் இன்றும் கொண்டாடுகின்றன. பெரிய வியாழனன்று பங்குத்தந்தை மண்டியிட்டுப் பாதம் கழுவுகிறார். தூய்மை ஈமானின் (இறைநம்பிக்கையின்) பாதி என்று பள்ளிவாசலில் போதிக்கிறார்கள். இத்தனையும் நடக்கும் வளாகத்தின் பின்பக்கத்தில், பிறந்த சாதியைக் காரணமாக வைத்து ஒருவரைக் குழிக்குள் அனுப்புவதை உங்களால் எப்படித் தாங்க முடிகிறது?

அடுத்த கூட்டத்தில் இந்தத் தீர்மானத்தை மினிட் புத்தகத்தில் ஏற்றுங்கள்: "நம் வளாகத்தின் எந்தத் தொட்டிக்குள்ளும், எந்தக் காரணத்துக்காகவும், யாரும் இறங்க மாட்டார்கள், இறக்கப்பட மாட்டார்கள். கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே லாரி வைத்துத் தொட்டி சுத்தம் செய்யப்படும். அதற்கான தொகை திருவிழாக் கணக்கில் தனித் தலைப்பில் ஒதுக்கப்படும்." கீழே எல்லோரும் கையெழுத்திடுங்கள். அதன் நகலைத் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில், எல்லோரும் படிக்கும் உயரத்தில் ஒட்டிவையுங்கள்.

தோழமையுடன்,
கழிவறைத் தொட்டிப் பாதுகாப்புப் பணியில் இருப்போர்